பராமரிப்புக் கருவி பேசும் மொழி: ஜூரோங் வீடுகளின் அறுபது ஆண்டு

ஜூரோங்கின் வரலாறு பெரும்பாலும் ஆலைகளின் வரலாறாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. 1960களின் தொடக்கத்தில் டாக்டர் கோ கெங் சுவீ சதுப்பு நிலத்தையும் குன்றுகளையும் தொழிற்பேட்டையாக்க முனைந்ததும், அதைச் சிலர் ‘கோவின் மடமை’ என்று எள்ளியதும், 1963இல் தேசிய இரும்பு எஃகு ஆலை இயங்கத் தொடங்கியதும், 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் அமைந்ததும் நம் மாணவர்கள் பாடநூலில் படித்தவை. அவ்வாலைகளுக்கும் கப்பல் பட்டறைகளுக்கும் வேலைக்கு வந்தோருக்காகத் தாமான் ஜூரோங்கிலும் அதைச் சுற்றியும் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1965இல் இருபத்தைந்து வயதில் அங்குக் குடியேறிய இளைஞர் இன்று எண்பத்தைந்தைத் தொட்டிருப்பார். அவர் எதைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து எழுகிறார்? இரவில் குளியலறையில் விழுந்தால் அது யாருக்கு, எவ்வாறு தெரியவருகிறது? தம் உடம்புக்கு என்ன செய்கிறது என்பதை எந்த மொழியில் சொல்கிறார், அதை யார் புரிந்துகொள்கிறார்? இவையும் ஜூரோங்கின் வரலாற்றைச் சேர்ந்தவையே.

மொழியியல் பயின்ற ஒருவர் கருவிகளைப் பற்றிப் பேசுவானேன் என்ற ஐயம் எழலாம். குடும்பத்தில் முதியோரைப் பார்த்துக்கொள்வோருக்கு உதவும் கருவிகளின் வரலாற்றில் ஒரு பெரிய திருப்பம் நிகழ்ந்திருக்கிறது. முன்னைய கருவிகள் உடலைத் தாங்கின. கைப்பிடிக் கம்பியும் சக்கர நாற்காலியும் அத்தகையவை. பின்னைய கருவிகள் செய்தியைச் சுமக்கின்றன. உடலைத் தாங்கும் கம்பிக்கு மொழி தேவையில்லை. செய்தியைச் சுமக்கும் கருவிக்கோ சக்கரத்தைப் போலவும் மின்கலத்தைப் போலவும் மொழியும் ஓர் உறுப்பு. அவ்வுறுப்பு பழுதுபட்டிருந்தால் கருவி முழுமையாக வேலை செய்யாது. நம் தமிழ்க் குடும்பங்களில் அவ்வுறுப்பு எந்நிலையில் இருக்கிறது என்பதே இவ்வுரையின் கேள்வி.

சொல்லின் வரலாறு

சிங்கப்பூரின் அரசாங்கத் துண்டறிக்கைகளில் ‘பராமரிப்பாளர்’ என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. பராமரித்தல் என்பது வடமொழிப் ‘பராமர்சம்’ வழிவந்தது. ஆராய்தல், கருதிப் பார்த்தல் என்ற பொருளிலிருந்து நிர்வகித்தல், பேணுதல் என்று தமிழில் விரிந்தது. இன்று சாலையையும் பராமரிக்கிறோம், மின்தூக்கியையும் பராமரிக்கிறோம், பாட்டியையும் பராமரிக்கிறோம். வீட்டுப் பேச்சில் இச்சொல் இல்லை. “அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?” என்றுதான் உறவினர் கேட்பர். “மூத்த மகள்தான் வைத்துப் பார்க்கிறாள்” என்பது விடையாக வரும். இங்கே ‘கொள்’ என்னும் துணைவினையைக் கவனிக்க வேண்டும். செயலின் பயனோ பொறுப்போ செய்பவரிடமே வந்து சேர்வதை அது உணர்த்துகிறது. ‘பார்த்தல்’ வேறு, ‘பார்த்துக்கொள்ளுதல்’ வேறு. ‘வைத்துப் பார்த்தல்’ என்பதில் தன் கூரைக்கீழ் இருத்திக்கொள்வது என்ற பொருளும் அடங்கியிருக்கிறது.

ஆங்கிலத்திலும் இதற்கான பொதுச்சொல் மிகப் பழையதன்று. பிரிட்டனில் மேரி வெப்ஸ்டர் என்னும் சமயப் போதகர், பெற்றோரைப் பேணுவதற்காகத் தம் வேலையைத் துறந்தவர், தம்மைப்போன்ற மணமாகாப் பெண்களின் நிலையைப் பற்றி 1963இல் நாளிதழுக்கு எழுதினார். 1965இல் அவர்களுக்கென ஓர் அமைப்பு உருவாயிற்று. அவ்வியக்கம் வளர வளர, மகள் என்றும் மனைவி என்றும் மட்டும் அறியப்பட்டவர்களுக்குப் பராமரிப்பாளர் என்ற பொதுப்பெயர் வேரூன்றியது. பெயர் வந்தபின்னரே உதவித்தொகையும் ஓய்வுக்கால ஏற்பாடும் கேட்க முடிந்தது.

நம்மிடையே பெயர் வந்துவிட்டது. வீட்டுக்குள் இன்னும் நுழையவில்லை. 2019 அக்டோபரில் இல்லப் பராமரிப்பு மானியம் மாதத்திற்கு 200 வெள்ளியாகத் தொடங்கியது. 2023இல் அது 400 வெள்ளி வரை உயர்த்தப்பட்டது. ஜூரோங் வெஸ்டில் மாமியாரைப் பதினோராண்டு பேணிய அம்மையார் ஒருவரிடம் இம்மானியத்தைப் பற்றி விசாரித்தேன். “அது பராமரிப்பாளருக்குன்னு போட்டிருக்கே. நான் மருமகள்தானே” என்றார். துண்டறிக்கையில் இருந்த தமிழில் பிழையேதும் இல்லை. ஆனால் அது அவரை அழைக்கவில்லை. ‘பெற்றோரையோ துணைவரையோ வீட்டில் பார்த்துக்கொள்கிறீர்களா?’ என்று அதன் முதல்வரி தொடங்கியிருந்தால் அவர் அடுத்த வரியையும் படித்திருப்பார் என்பது என் கருத்து.

இன்னொரு சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். டிமென்ஷியா எனப்படும் மூளைத்திறன் சிதைவை ‘முதுமை மறதி’ என்று எழுதுகிறோம். எளிய சொல், ஆனால் எளிமையே அதன் குறை. முதுமை வந்தால் மறதி வரும்தானே என்று குடும்பம் அமைதியடைந்துவிடுகிறது. மருத்துவரிடம் செல்லும் நாள் தள்ளிப்போகிறது. ஜப்பானில் இந்நோய்க்கு வழங்கிய பழைய சொல் இழிவுப்பொருள் தருவதாகக் கருதப்பட்டதால், 2004இல் அரசாங்கமே அதைக் கைவிட்டு, அறிதிறன் சார்ந்த நோய் எனப் பொருள்படும் புதுச்சொல்லை ஏற்றது. நமக்கும் அத்தகைய மறுஆய்வு வேண்டும் என்று சொல்லக் காரணமுண்டு. சொல்லே தவறான திசையைக் காட்டினால், அதன்மேல் கட்டப்படும் செயலிக்குக் குடும்பத்தார் வந்துசேரக் காலம் பிடிக்கும்.

உடலைத் தாங்கிய கருவிகள்

மடக்கக்கூடிய உலோகச் சக்கர நாற்காலியை அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவரெஸ்ட், ஹாரி ஜென்னிங்ஸ் என்னும் இரு பொறியாளர்கள் 1933இல் உருவாக்கினர். சுரங்க விபத்தில் நடமாட்டத்தை இழந்த எவரெஸ்ட், தாமே காரில் ஏற்றிச்செல்லத்தக்க நாற்காலியைத் தேடியதன் விளைவு அது. அந்நாற்காலியை ஜூரோங்கின் பழைய அடுக்குமாடி ஒன்றுக்குக் கொண்டுவந்து பார்த்தால், தொழில்நுட்பம் எங்கே தடுக்கி நிற்கும் என்பது விளங்கும். அக்கால வீவக கட்டடங்களில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்பதில்லை. சில மாடிகளில் மட்டுமே நிற்கும். மற்ற மாடிகளில் குடியிருந்தோர் படியேறியோ படியிறங்கியோ வீட்டை அடைந்தனர். இளமையில் அது உடற்பயிற்சி. பக்கவாதம் கண்ட தந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் மகனுக்கோ, நாற்காலியை ஒருவரும் தந்தையை இருவருமாகத் தூக்கிச் செல்லும் பாடு.

2001இல் அறிவிக்கப்பட்ட மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம், எல்லா மாடிகளிலும் மின்தூக்கி நிற்கச் செய்தது. பராமரிப்புக் கருவிகளின் பட்டியலில் மின்தூக்கியை எவரும் சேர்ப்பதில்லை. நான் அதற்கே முதலிடம் தருவேன். எந்தச் செயலியும் எந்த உணர்கருவியும் இதுவரை அவ்வளவு மகள்களின் முதுகெலும்பைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

மற்றவை மெல்ல வந்தன. தீவு முழுவதும் ரயில் நிலையங்களில் மின்தூக்கி உள்ளிட்ட தடையற்ற வழிகள் அமைந்தது 2006 வாக்கில்தான். ஜூரோங் ஈஸ்ட், லேக்சைடு நிலையங்களோ 1988 நவம்பரிலேயே திறக்கப்பட்டவை. சக்கர நாற்காலி ஏறக்கூடிய பேருந்துகளும் 2006 முதல் ஓடத் தொடங்கின. சக்கர நாற்காலி, கழிப்பறை நாற்காலி, செவிப்புலன் கருவி போன்றவற்றின் விலையில் 90 விழுக்காடு வரை ஈடுசெய்யும் மூத்தோர் நிதி 2011இல் பிறந்தது. 2012இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முதியோர் வாழும் வீடுகளில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, சிறு சரிவுப்பாதை ஆகியவற்றைக் குறைந்த கட்டணத்தில் பொருத்தித்தரத் தொடங்கியது. 2015இல் ஜூரோங் ஈஸ்டில் இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனையும், அதனோடு இணைந்த ஜூரோங் சமூக மருத்துவமனையும் திறக்கப்பட்டபோது, வீடு திரும்புமுன் நோயாளி நடந்து பழகுவதற்கு வீட்டின் அறைகளையும் போக்குவரத்து வாகனங்களையும் மாதிரியாக அமைத்திருந்தனர். அங்கே பழகிக்கொள்பவர் நோயாளி மட்டுமல்லர், உடன்வரும் குடும்பத்தாரும்தான்.

இக்காலம் முழுவதிலும் அரசாங்கக் கொள்கையின் அடித்தளம் ஒன்றாகவே இருந்தது: பேணும் முதற்பொறுப்பு குடும்பத்திற்கே. 1984இல் ஹாவ் யூன் சோங் தலைமையிலான குழுவின் அறிக்கை மூப்படையும் சமுதாயத்தைப் பற்றி முன்னெச்சரிக்கை செய்தது. வால்ட்டர் வூன் முன்மொழிந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995இல் நிறைவேறியது. இவற்றினும் ஆழமாக வீட்டை மாற்றியது 1978இல் தொடங்கிய வெளிநாட்டுப் பணிப்பெண் திட்டம். மகள் வேலைக்குச் செல்வதற்கு அது வழிவிட்டது. அதே நேரத்தில், வீட்டில் முதியவருடன் பகல் முழுதும் இருப்பவர் அவருடைய மொழியை அறியாதவராக ஆகும் நிலையும் அதனால் வந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பணிப்பெண்களை வரவழைத்த குடும்பங்கள் உண்டு. இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பீன்சிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்தவர்களை நம்பிய குடும்பங்களும் உண்டு. பிற்காலக் கருவிகள் நுழைந்தது இந்த மும்மொழி வீட்டுக்குள்தான்.

கயிறும் உணர்கருவியும்

விழுந்தவர் உதவிக்கு அழைக்கும் கருவி 1970களில் உருவெடுத்தது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஹோர்மான் வீட்டு அவசர அழைப்புக் கருவியை உருவாக்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்க உளவியலாளர் ஆண்ட்ரூ டிப்னர், பொத்தானை அழுத்தினால் மருத்துவமனைக்குச் செய்தி போகும் அமைப்பை ஏற்படுத்தினார். சிங்கப்பூரில் 1990களின் பிற்பகுதியில் முதியோருக்கென வீவக கட்டிய சிறுவீடுகளில் இழுகயிறு தொங்கியது. இழுத்தால் எச்சரிக்கை ஒலிக்கும்.

கயிற்றின் பெருமை அதற்கு மொழி இல்லாததே. தமிழரும் ஹொக்கியன் பேசுவோரும் மலாய்க்காரரும் அதை ஒரே வகையில் இழுக்கலாம். ஆனால் அது சொல்வது ‘வா’ என்ற ஒன்றை மட்டுமே. வந்தவர் “என்ன ஆயிற்று?” என்று கேட்கும் கணத்தில் மொழி தொடங்கிவிடுகிறது. கயிற்றைத் துணி உலர்த்தும் கொடி என்று நினைத்து இழுப்போரும் உண்டு. அடுத்தவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று விழுந்து கிடந்தும் இழுக்காதோரும் உண்டு. பின்னது கருவியின் குறையன்று, பண்பாட்டின் கூறு. அதையும் வடிவமைப்பாளர் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும்.

கயிற்றை இழுக்காதவருக்காக வந்ததே உணர்கருவி. 2014இல் ‘அறிவார்ந்த தேசம்’ திட்டம் அறிவிக்கப்பட்ட காலத்தில், அதன் சோதனைக்களமாக ஜூரோங் ஏரி வட்டாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஜூரோங் ஈஸ்டின் யூஹுவா குடியிருப்பில் முதியோர் கண்காணிப்பு முறையும் சோதிக்கப்பட்டது. கதவிலும் அறைகளிலும் பொருத்தப்பட்ட சிறு உணர்கருவிகள் முதியவரின் அன்றாட நடமாட்டத்தைக் கற்றுக்கொள்ளும். வழக்கத்திற்கு மாறாக நெடுநேரம் அசைவில்லையெனில், மகனுக்கோ மகளுக்கோ கைப்பேசியில் செய்தி போகும். உடன் எடுத்துச்செல்லத்தக்க அவசரப் பொத்தானும் உண்டு. படக்கருவி இல்லாமல் அசைவை மட்டும் அறிவதால் முதியவரின் தன்மானம் காக்கப்படுகிறது. அதை வடிவமைத்தோரின் நற்சிந்தனைக்கு அது சான்று.

இக்கருவி யாருக்கு உதவுகிறது என்று கேட்டால், முதலில் அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் மகளுக்கு. அவளுடைய பதற்றத்தை அது குறைக்கிறது; சில நாள் கூட்டவும் செய்கிறது. செய்தி வந்ததும் அவள் வீட்டுக்கு அழைக்கிறாள். தாய் எடுத்து, “ஒண்ணுமில்ல, ஒரு மாதிரியா இருக்கு, படுத்திருக்கேன்” என்கிறார். உணர்கருவியின் வேலை அங்கே முடிந்துவிட்டது. மொழியின் வேலை தொடங்குகிறது.

‘ஒரு மாதிரியாக இருக்கிறது’

இத்தொடரை எந்தச் செயலியின் பட்டியலிலும் நான் கண்டதில்லை. வலி, காய்ச்சல், தலைச்சுற்றல், வாந்தி என்று கட்டங்கள் இருக்கும். ‘ஒரு மாதிரி’க்குக் கட்டமில்லை. ஆனால் தாயை அறிந்த மகள் அதன் எடையை உணர்வாள். குரல் தாழ்ந்து, இடைவெளி விட்டு வரும் ‘ஒரு மாதிரி’ அவளை வாடகைக் காரில் ஏற்றிவிடும்.

வலியைச் சொல்லும் சொற்களை எடுத்துக்கொள்வோம். கனடிய உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெகில் வலி வினாப்பட்டியல், 78 ஆங்கில வலிச்சொற்களைத் தொகுத்து வகைப்படுத்தியது. வலி என்பது அளவு மட்டுமன்று, தன்மையும் கொண்டது என்பதை மருத்துவ உலகுக்கு உணர்த்திய கருவி அது. தமிழில் அத்தன்மைச் சொற்கள் குறைவா? குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், பிடிப்பு, இழுப்பு, காந்தல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றோடு ‘விண்விண்ணென்று தெறிக்கிறது’, ‘சுருக்கென்று குத்துகிறது’, ‘திகுதிகுவென்று எரிகிறது’ போன்ற ஒலிக்குறிப்புத் தொடர்களும் சேரும். ஜூரோங் ஈஸ்டில் வாழும் ஒரு பாட்டி முழங்காலைத் தடவியபடி “கடுக்குது” என்கிறார். பேரன் அதை ஆங்கிலத்தில் மருத்துவரிடம் ‘வலி’ என்று மட்டும் சொல்கிறான். குடைச்சலும் கடுப்பும் எரிச்சலும் அந்த ஒரே சொல்லில் கரைந்துபோகின்றன. எரிச்சல் நரம்பைச் சுட்டலாம். குடைச்சல் மூட்டைச் சுட்டலாம். மருத்துவருக்கு அவ்வேறுபாடு வேண்டும்.

‘மயக்கம்’ இன்னும் சிக்கலானது. நினைவிழத்தல், தலைசுற்றல், தூக்கக்கலக்கம், சோர்வு ஆகிய நான்கையும் நம் முதியோர் அச்சொல்லால் குறிப்பர். ‘நெஞ்சு’ என்பது மார்பாகவும் இருக்கலாம், தொண்டையின் அடியாகவும் இருக்கலாம். நெஞ்சைக் கரிக்கிறது என்பது இரைப்பைக் கோளாறு, நெஞ்சை அடைக்கிறது என்பது மாரடைப்பாகவும் இருக்கக்கூடும். முக உருவங்களைக் கொண்டு வலியளவைக் காட்டும் வோங்–பேக்கர் அட்டை 1983இல் குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்டு, இப்போது மொழித்தடை உள்ள பெரியவர்களிடமும் பயன்படுகிறது. அதனால் பயனுண்டு. ஆயினும் அழும் முகத்தைச் சுட்டிக்காட்டுவது மானக்குறைவு என்று எண்ணி, நடுவிலுள்ள முகத்தையே தொடும் தாத்தாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

சென்னையில் இதற்கு அண்மைய ஒரு முயற்சி நிகழ்ந்தது. பேச இயலாத குழந்தைகள் படங்களைத் தொட்டுத் தொடர் அமைக்கவும், கருவி அதைக் குரலாக ஒலிக்கவும் உதவும் ‘ஆவாஸ்’ என்னும் கருவியை அஜித் நாராயணனின் குழு உருவாக்கியது. பின்னர் அது செயலியாகி இந்திய மொழிகளுக்கும் விரிந்தது. பக்கவாதத்தால் பேச்சிழந்த முதியவருக்கும் இத்தகைய படப்பலகை உதவும். இங்கே இலக்கணம் குறுக்கிடுகிறது. ஆங்கிலப் பலகை ‘நான்’ என்ற படத்தில் தொடங்கும். தமிழில் பசிப்பதும் வலிப்பதும் தலைசுற்றுவதும் வேண்டுவதும் ‘எனக்கு’ என நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கும். ‘நான்’ படத்தைத் தொட்டு ‘வலி’யைத் தொட்டால் கருவி ஒலிப்பது தமிழாக இராது. ஆங்கிலப் பலகையின் படங்களுக்குத் தமிழ்ப்பெயர் ஒட்டினால் போதாது. பலகையையே தமிழில் சிந்தித்து அமைக்க வேண்டும்.

கருவி வாய்திறந்தால்

சிங்கப்பூர் தமிழ்க் கணிமையில் முன்னோடி நாடு. நா. கோவிந்தசாமியின் உழைப்பில் 1995இல் தமிழ் இணையத்தில் ஏறியது. 1997இல் தமிழ்நெட் கருத்தரங்கு இங்கேதான் நடைபெற்றது. அம்முன்னோடிகள் தீர்த்தது எழுத்துச் சிக்கலை. பராமரிப்புக் கருவியின் சிக்கல் பேச்சில் இருக்கிறது. எண்பது வயதில் கண்பார்வை மங்கியவருக்குத் திரையில் எழுத்து எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் பயன் குறைவே.

தமிழின் இரட்டை வழக்கை மு. சண்முகம் பிள்ளை 1960இல் எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் என ஒப்பிட்டு விளக்கினார். நம் நாட்டில் 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, தரப்படுத்தப்பட்ட பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம்தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்போது அதை ஏற்கத் தயங்கிய ஆசிரியர்கள் பலர். பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசும் நிலை நீடிக்க வேண்டுமே என்பது அக்குழுவின் கவலை. இன்று அதே கேள்வி மருந்து நினைவூட்டும் கருவியின் வாயிலிருந்து எழுகிறது.

‘இப்போது உங்கள் மருந்தை உட்கொள்ளவும்’ என்று கருவி சொல்கிறது என்று கொள்வோம். வரி பிழையற்றது. நினைவு தளர்ந்த ஒரு மூதாட்டிக்கு அது வானொலிச் செய்தியாகவே கேட்கும். தம்மை நோக்கிச் சொல்லப்பட்டதாகத் தோன்றாது. ‘மருந்து சாப்பிடுங்கள்’ என்று மாற்றினால் தீருமா? மருமகள் மாமியாரிடம் அப்படிச் சொல்வதில்லை. “மருந்து போட்டாச்சா அத்தை?” என்று கேட்கிறாள். ‘போட்டாச்சா’ என்பதில் தன்மை முன்னிலை விகுதி எதுவும் இல்லை. நீ என்றோ நீங்கள் என்றோ சொல்லாமலும், ஏவாமலும், செயல் முடிந்ததா என்று மட்டும் வினவும் வடிவம் அது. இளையவர் மூத்தவருக்குக் கட்டளையிடுவதில்லை என்ற மரபை நம் மொழி வினைமுற்றிலேயே பொதிந்து வைத்திருக்கிறது. ஆங்கில ஏவல் தொடரைத் தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளர், எவ்வளவு வல்லவராயினும், ‘போட்டாச்சா’வை எட்ட மாட்டார். சமையலறையில் நின்று கேட்டவருக்கே அது கிட்டும்.

கருவி பேசுவது ஒரு பாதி, கேட்பது மறுபாதி. 2017இல் கூகுள் நிறுவனம் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது. இங்குள்ள பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும் அண்மைக்காலத்தில் தென்கிழக்காசிய மொழிகளுக்கான மொழிமாதிரிகளை உருவாக்குகையில் தமிழையும் உட்படுத்தியுள்ளன. நல்ல தொடக்கம். ஆனால் ஜூரோங் தாத்தாவின் பேச்சு தெளிவாக வாசிக்கப்படும் செய்தித்தமிழ் அன்று. பல்லிழந்த வாய், தளர்ந்த மூச்சு, தஞ்சாவூர் வட்டார ஒலிப்பு, இடையிடையே பசார், கம்போங், கித்தா என்னும் மலாய்வழிச் சொற்கள், ஆலையில் கற்ற ஆங்கிலம் என எல்லாம் கலந்தது அது. அப்பேச்சைப் பதிவுசெய்து வைக்காமல் எந்தக் கருவிக்கும் கற்பிக்க இயலாது.

இதில் காலம் நம் பக்கம் இல்லை. வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. 2030 வாக்கில் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அறுபத்தைந்து வயதைக் கடந்திருப்பார் என்று கணிக்கப்பட்டுள்ளது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தமிழில் நோவைச் சொல்வோர் பெருகும் நேரத்தில் அதைக் கேட்டு மொழிபெயர்ப்போர் குறைகின்றனர். இருமொழி அறிந்த முதியோர் நினைவுநோயில் பின்னாளில் கற்ற மொழியை முதலில் இழப்பதாகப் பல குடும்பங்கள் சொல்கின்றன. ஆய்வுகள் இதில் ஒரே முடிவைத் தரவில்லை. எனினும் நோய்முன் ஆங்கிலத்தில் கணக்கெழுதியவர், நோயில் பேரனின் ஆங்கிலக் கேள்விக்குத் தமிழில் விடைசொல்வதும், பேரன் விழிப்பதும் நான் அறிந்த வீடுகளில் நிகழ்கின்றன.

ஜூரோங் வெஸ்ட் வீடொன்றின் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டப்பட்டிருந்த தாளை இங்குக் குறிப்பிட வேண்டும். இந்தோனேசியப் பணிப்பெண் ஒருவர் தாமாகவே எழுதியது. பாட்டி அடிக்கடி சொல்லும் தமிழ்ச்சொற்களைத் தம் காதில் விழுந்தபடி உரோம எழுத்தில் எழுதி, எதிரே தம் மொழியில் பொருள் குறித்திருந்தார். தண்ணி, வலிக்குது, ஒண்ணுக்கு, போர்வை, கால் அமுக்கு, போதும், வேண்டாம். ‘போதும்’, ‘வேண்டாம்’ இரண்டுக்கும் வேறுபாடு உண்டு என்பதை உணர்ந்து தனித்தனியே எழுதியிருந்தார். முன்னதற்கு எதிரே ‘உண்டது நிறைந்தது’ என்ற பொருளும், பின்னதற்கு எதிரே ‘கோபம்’ என்ற பொருளும் இருந்தன. அகராதிக்காரர்கள் தலைவணங்கத்தக்க குறிப்பு. செலவில்லாத அத்தாள், நான் கண்ட பராமரிப்புக் கருவிகளுள் நன்கு வடிவமைக்கப்பட்ட ஒன்று. பயன்படுத்துபவரே அதைச் செய்தார். ஒரு குறிப்பிட்ட பாட்டிக்காகச் செய்தார். தவறெனக் கண்டபோது அடித்துத் திருத்தினார்.

அத்தகைய தாள்களை நூறு வீடுகளிலிருந்து திரட்டுவது உயர்நிலைப் பள்ளி மாணவர்களால் இயலாத காரியமன்று. தாத்தா பாட்டியின் இசைவையும் பெற்றோரின் இசைவையும் முதலில் பெற வேண்டும். மருத்துவ விவரங்களை எழுதக்கூடாது. சொல்லை மட்டும், அது சொல்லப்பட்ட வேளையோடும் இடத்தோடும் குறிக்க வேண்டும். திருத்தமான தமிழாக்கி எழுதும் ஆசையை ஆசிரியர்கள் அடக்க வேண்டும்: ‘வலிக்குது’ என்று கேட்டதை ‘வலிக்கிறது’ என்று மாற்றினால் தரவு பாழாகும். ஒலிப்பதிவு செய்ய முடிந்தால் முன்வாசலின் சத்தம் அடங்கிய பிற்பகல் வேளை நல்லது. முதலில் திரட்டத் தகுந்தவை மூன்று வகை: உடம்பின் நோவைச் சொல்லும் சொற்கள், மறுப்பையும் இசைவையும் சொல்லும் சொற்கள், மூத்தவரிடம் ஒன்றைச் செய்யச் சொல்லும்போது இளையவர் கையாளும் வினை வடிவங்கள். மூன்றாவது வகைதான் கிடைப்பது கடினம். ஏனெனில் யாரும் அதைக் கேட்டால் சொல்லமாட்டார்கள். பேசும்போது மட்டுமே வரும்.